அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு மடை

டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன வேலை செய்து பார்ப்போம். நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, அப்படியே மேல்வாயைத் தடவிக்கொண்டே பின்னால் போங்கள். முதலில் வரிவரியாக மேடு. பிறகு வழவழவென்று கட்டாந்தரை. நாக்கு எட்டுகிற கடைசி இடத்தில் தரை சட்டென்று மெத்தையாகிவிடும். கெட்டியான பகுதிக்கு வல்லண்ணம் என்று பெயர், மெத்தையான பகுதிக்கு மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவதுதான் உள்நாக்கு.

இப்போது மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ என்று சொல்லுங்கள். ஒன்றும் ஆகவில்லை. பிடியை விடாமல் ‘அம்மா’ என்று சொல்லுங்கள். முட்டுகிறது அல்லவா? ஜலதோஷம் பிடித்தவர் சொல்வதுபோல ஏதோ ‘அப்பா’ மாதிரி வருகிறது. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. இரண்டையும் பிரிக்கிற வேலை உள்ளே, அந்த மெத்தைப் பகுதியில் நடக்கிறது.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது உடனே பிடிபடும். நெஞ்சிலிருந்து வரும் காற்று ஒரே வாய்க்கால். மேலே வந்ததும் அது பாய இரண்டு வயல்கள்: வாய், மூக்கு. நடுவே ஒரு மடை. அந்த மடைதான் மெல்லண்ணம். ‘ம’ சொல்லும்போது மடை திறந்திருக்கிறது, காற்று மூக்குக்குப் போகிறது. ‘ப’ சொல்லும்போது மெல்லண்ணம் மேலே எழும்பி, தொண்டையின் பின்சுவரோடு ஒட்டி மூக்கு வழியை அடைத்துவிடுகிறது. போக வழியில்லாத காற்று வாய்க்குள் தேங்குகிறது, உதடு திறந்ததும் வெடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கசடதபற, ஙஞணநமன என்ற இரண்டு வரிசையும் உண்மையில் இந்த மடையின் இரண்டு நிலைகள்தான். மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று நன்னூலும் சொல்கிறது. எழுத்துப் பிறக்கும் இடங்களை எட்டு என்று எண்ணிய தொல்காப்பியர், அந்த எட்டில் மூக்கையும் அண்ணத்தையும் சேர்த்திருக்கிறார்.

இந்த மடை நடுவில் பிளந்தபடியே சில குழந்தைகள் பிறக்கின்றன. உதட்டில் மட்டும் பிளவு, அண்ணத்தில் மட்டும் பிளவு, இரண்டிலும் பிளவு என்று மூன்று விதமும் உண்டு. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, அபூர்வமான விஷயமில்லை. ஒளித்து வைப்பதால் அபூர்வமாகத் தெரிகிறது.

என் அக்காவின் மகளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு உதடு, அண்ணம் இரண்டிலும் பிளவு. பிறந்த அன்றே வீட்டில், கர்ப்பத்தில் எந்தக் கிரகணம் பட்டு இப்படி ஆனது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தெலுங்கில் இந்த உதட்டுக்குப் பேரே ‘கிரகணம் மொர்ரி’தான், அந்த அளவுக்கு ஊறிப்போன நம்பிக்கை. நாம் கொஞ்சம் கணக்கை மட்டும் பார்ப்போம். கருவில் முகத்தின் இரண்டு பக்கமும் வளர்ந்து வந்து நடுவில் கூடித்தான் உதடு உண்டாகிறது. அது ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடும். அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, டாக்டரைப் பார்த்து, வீட்டில் சொல்லும்போதே உதட்டு வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். வளைகாப்புக்குப் பிறகு வருகிற கிரகணத்துக்கு இருட்டறையில் உட்காரவைத்து, அந்தப் பெண்ணைக் காய்கூட நறுக்கவிடாமல் செய்து என்ன பயன்? பல மரபணுக்களும் கர்ப்பகாலச் சூழலும் கலந்து ஏற்படுவது இது. தாய் செய்த தவறு என்று விரல் நீட்ட இதில் எதுவும் இல்லை.

கிரகணத்தைக்கூட மன்னித்துவிடலாம், அதனால் சிகிச்சை ஒன்றும் கெட்டுப்போவதில்லை. உண்மையில் கெடுதல் செய்கிற தவறான எண்ணம் வேறு. படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. ‘உதடு தைத்தாயிற்று, இனி எல்லாம் சரி’ என்பதுதான் அது.

எங்கள் குழந்தைக்கு நான்காம் மாதத்தில் உதட்டு அறுவை நடந்தது. வாரம் 10, எடை 10 பவுண்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 என்று மூன்று பத்து சேர்ந்தால் உதட்டைத் தைக்கலாம் என்பது டாக்டர்களின் பழைய கைக்கணக்கு. 10 பவுண்டு என்பது நாலரைக் கிலோ. தையல் ஆறியதும் குலதெய்வம் கோவிலில் மொட்டை, காதுகுத்து, கிடா வெட்டு. அண்ணத்துக்கு இன்னொரு அறுவை இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவுக்குள் போய்விட்டது. குழந்தையின் அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்தார்: “உதடு கூடிருச்சு, சிரிக்கிறா, அழகாத்தான இருக்கா. பின்ன எதுக்குப் பச்சப் புள்ளைய இன்னொரு தடவ அறுக்கணும்?”

அவர் கேட்டதில் தவறில்லை. மருத்துவ வரலாறே அப்படித்தான் நடந்திருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் வெய் யோங்ஷி என்ற இளைஞரின் பிளந்த உதட்டை ஒரு வைத்தியர் வெட்டிச் சேர்த்ததாக அந்நாட்டு வரலாற்று நூல் சொல்கிறது. நூறு நாள் கஞ்சி மட்டும்தான் குடிக்க வேண்டும், பேசவோ சிரிக்கவோ கூடாது என்பது நிபந்தனை. அண்ணத்தைத் தைக்க அதற்குப் பிறகு சுமார் 1400 ஆண்டு ஆனது. 1819-ல் பாரிஸில் ரூ என்ற அறுவை மருத்துவர், ஜான் ஸ்டீஃபன்சன் என்ற மருத்துவ மாணவரின் மெல்லண்ணத்தைத் தைத்தார். மயக்க மருந்து வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது, முழு நினைவோடு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். இன்றும் பிளவு சிகிச்சைக்கான விளம்பரப் படங்களில் முன்பு, பின்பு என்று காட்டுவது உதட்டைத்தான். அண்ணத்தை யார் படம் எடுப்பார்கள்?

அந்த அண்ணத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். மெல்லண்ணத்தை மேலே தூக்க ஒரு தசை இருக்கிறது. கபாலத்தின் அடியில் வலப்புறமிருந்து ஒன்றும் இடப்புறமிருந்து ஒன்றும் இறங்கி வந்து நடுவில் கூடும். இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட தூளி மாதிரி. இரண்டு கயிறும் ஒன்றாக இழுத்தால் தூளி மேலே எழும்பும், மடை அடைபடும். பிளவோடு பிறந்த குழந்தைக்கும் இந்தத் தசை இருக்கிறது. ஆனால் நடுவில் கூடாமல், இரண்டு பாதியும் முன்பக்கமாகத் திரும்பி, வல்லண்ண எலும்பின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கிழிந்த தூளியின் இரண்டு துண்டையும் எடுத்துச் சுவரில் ஆணியடித்த மாதிரி. இழுப்பு இருக்கும், தூக்கல் இருக்காது.

ஆகவே அண்ண அறுவை என்பது ஓட்டை அடைக்கிற வேலையோடு முடிவதில்லை. ஓட்டையை மட்டும் மூடிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும், மடை அசையாது. எலும்போரத்தில் தவறாக ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்தெடுத்து, பின்பக்கமாகத் திருப்பி, இரண்டு பாதியையும் குறுக்காகச் சேர்த்துத் தூளியைப் புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு மூக்குப் பக்கத் தோல், நடுவில் தசை, வாய்ப் பக்கத் தோல் என்று அடுக்கடுக்காகத் தையல். நடுவில் இழுத்து மூடத் துணி போதவில்லை என்றால், பல் ஈறை ஒட்டி இரண்டு ஓரத்திலும் கீறித் தளர்த்துவார்கள். அந்த ஓரத்து இடைவெளி தானாக ஆறிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எப்போது செய்வது? குழந்தை பேச்சுக்குத் தயாராகும் முன்பு. மடை இல்லாத குழந்தை சும்மா இருக்காது, தன்னிடம் உள்ளதை வைத்துச் சமாளிக்கும். காற்றை வாயில் தேக்க முடியாததால் தொண்டையிலேயே வெட்டி வெட்டிப் பேசப் பழகிவிடும். அந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு மடையைக் கட்டிக் கொடுத்தாலும் வாய் பழைய வழியிலேயே போகும். மிகச் சீக்கிரம் செய்தால் தழும்பு மேல்தாடை வளர்ச்சியை இழுத்துப் பிடிக்குமோ என்ற கவலை இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் 9 முதல் 18 மாதம் என்று நாள் குறிக்கிறார்கள். அண்ணப் பிளவு மட்டும் உள்ள 558 குழந்தைகளை வைத்து நடந்து 2023-ல் வெளியான ஒரு ஆய்வில், 6 மாதத்தில் அறுவை நடந்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்கும் 12 மாதத்தில் நடந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும் ஐந்து வயதில் மடை சரியாக மூடவில்லை. எல்லா ஊரிலும் ஆறு மாதக் குழந்தைக்குப் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்க முடியாது என்பதால் இதை அப்படியே சட்டமாக்கிவிட முடியாது. ஐந்து வயதுவரை பொறுக்கலாம் என்று சொல்கிற உறவினரை மட்டும் தயங்காமல் புறக்கணியுங்கள்.

இனி ஆயத்தம். முதல் வேலை எடை. அண்ணப் பிளவுள்ள குழந்தையால் உறிஞ்ச முடியாது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், குழந்தையின் கஷ்டம் தெரியும். மார்பில் வாய் வைக்கும், களைத்துப்போகும், அழும், தூங்கிவிடும். தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில் புகட்டுவதுதான் கைகண்ட வழி. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் நம் ஊர்ப் பாத்திரக் கடையில் எவர்சில்வரிலேயே கிடைக்கும். குழந்தையை மடியில் நிமிர்த்திச் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கன்னத்து ஓரமாக வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். காற்றும் சேர்ந்து உள்ளே போகும், அதனால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் பதற வேண்டாம், துடைத்துவிட்டு நிதானமாகத் தொடரலாம். அறுவைக்குப் பிறகு பால் பாட்டில் கூடாது என்றுதான் பல டாக்டர்கள் சொல்வார்கள். பாட்டில் பழக்கம் இருந்தால் ஒரு மாதம் முன்பே கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். அறுவையான அன்று வலியோடு புதுப் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்க முடியாது.

இரண்டாவது, சளி. பெட்டி கட்டி, லீவு போட்டு, கார் பிடித்துப் போனால் ‘மூக்கு ஒழுகுது, இரண்டு மூன்று வாரம் கழித்து வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். கோபம் வரும். சளி பிடித்த மூச்சுக்குழாய் தொட்டாற்சிணுங்கி மாதிரி, மயக்கத்தின்போது லேசாகச் சீண்டினாலும் இறுக்கிக்கொள்ளும். திருப்பி அனுப்புகிற மயக்க மருந்து டாக்டர் நல்ல டாக்டர்.

மூன்றாவது, வெறும் வயிறு. நாம் தண்ணீர் குடிக்கும்போது தவறான வழியில் போனால் புரையேறுகிறது. தும்மி இருமி வெளியே தள்ளிவிடுகிறோம், யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம். மயக்கத்தில் புரையேறாது. வயிற்றில் பால் இருந்து அது மேலே எதுக்களித்தால், தடுக்க ஆளில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் பசும்பாலும் பவுடர் பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் டாக்டர் சொல்லும் மணியே கடைசி மணி. ஒருவழியாக அண்ண அறுவைக்கு நாள் குறித்த அன்று, எங்கள் வீட்டில் விடிகாலை ஐந்தரைக்குக் குழந்தை வீறிட்டது. எல்லோரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். தியேட்டர் வாசலில் நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டபோது அப்பத்தா முந்தானையைத் திருகிக்கொண்டு, “ரெண்டே ரெண்டு மடக்கு பால்தாம்மா குடுத்தேன்” என்றார். வரிசையில் முதலாவதாக இருந்த குழந்தை கடைசிக்குப் போனது. அவர் அதையும் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. திட்டுவோம் என்று பயந்தும் சொன்னாரே, அதற்கு அவரைக் கும்பிட வேண்டும்.

வெளியே வரும் குழந்தையைப் பார்க்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முகம் வீங்கி, எச்சிலில் ரத்தம் கலந்து வழிய, குறட்டை மாதிரி மூச்சு விடும். இதுநாள்வரை அகலமாகத் திறந்திருந்த வழி திடீரென்று குறுகியிருக்கிறது, அதில் மூச்சு விட அது பழக வேண்டும். சில இடங்களில் நாக்கில் ஒரு தையல் போட்டு நூலைக் கன்னத்தில் ஒட்டியிருப்பார்கள். நாக்கு பின்னால் விழுந்தால் இழுத்துப் பிடிக்க, ஒரு முன்னெச்சரிக்கை. அடுத்த நாள் எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று வாரம்தான் நம் முறை. கூழ் பதத்துக்கு மேல் கெட்டியாக எதுவும் கூடாது: ராகிக் கூழ், மிக்ஸியில் அடித்த பருப்புச் சாதம், மோர். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் இரண்டு வாய் தண்ணீர், அதுதான் வாய் கொப்புளிப்பு. பிஸ்கட்டும் முறுக்கும் கண்ணிலேயே படக்கூடாது, ஸ்பூனை ஆழமாக விடக்கூடாது. விரல் வாய்க்குப் போகாமலிருக்க முழங்கை மடங்காத உறை கொடுத்தார்கள். எல்லா டாக்டர்களும் இதைக் கேட்பதில்லை, எங்கள் டாக்டர் கேட்டார். எங்கள் பெண் முதல் நாள் முழுக்க அழுதாள். மறுநாள் விறைத்த இரண்டு கையாலும் சோற்றுத் தட்டைத் தவில் மாதிரி அடிக்கக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு உறையைக் கழற்றினால்தான் அழுகை.

ஐந்தாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். குழந்தை கொட்டாவி விட்டபோது செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். ஈறோரம் இரண்டு பக்கமும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம், கொஞ்சம் வாடையும் வந்தது. சீழ் வைத்துவிட்டது என்று வீடே ஆடிப்போனது. அது சீழ் இல்லை. ஓரத்தில் கீறித் தளர்த்திய இடம் என்று சொன்னேனே, அது வாய்க்குள் ஆறும்போது அப்படித்தான் இருக்கும். வெளியே ஆறுகிற புண்ணுக்குப் பொருக்குக் கட்டுகிறது, எச்சிலில் ஊறும் புண்ணுக்குப் பொருக்கு கிடையாது. உண்மையில் ஓடவேண்டிய அடையாளங்கள் வேறு: புது ரத்தம் வடிவது, மூச்சுத் திணறல், காய்ச்சல் 101-ஐத் தாண்டுவது, எதையும் குடிக்காமல் சிறுநீர் குறைவது. இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் போய்விட வேண்டும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது, காற்றுப் போக இன்னொன்று வேண்டும். நடுக்காதுக்கு அந்தக் காற்று வழி தொண்டையின் பின்னால் திறக்கிறது, அதைத் திறந்து மூடுவதும் அண்ணத்துத் தசைகள்தான். பிளவு இருந்தால் வழி அடைத்து, காதுக்குள் நீர் தங்கும். வலி இருக்காது, சீழ் வடியாது, குழந்தை தண்ணீருக்குள் இருப்பதுபோல மங்கலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மங்கலாகக் கேட்டதைத்தானே திருப்பிச் சொல்ல முடியும்? அதனால் கேட்புச் சோதனை கட்டாயம். தேவைப்பட்டால் செவிப்பறையில் ஒரு மிகச் சிறிய குழாய் வைப்பார்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவும் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். தொண்டு நிறுவனங்கள் வழியாக இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் உண்டு. உதட்டுக்கு மட்டுமா, அண்ணத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பேச்சுப் பயிற்சி. பலூன் ஊது, ஊதல் ஊது என்று பலரும் சொல்வார்கள். எங்கள் பயிற்சியாளர் சிரித்துவிட்டு, ஊதப் பழகினால் நன்றாக ஊதும் என்றார். பேச்சுக்குப் பேச்சுதான் பயிற்சி. குழந்தையின் மூக்குக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து ‘பாப்பா’ சொல்லவைப்பார். மடை மூடினால் கண்ணாடி தெளிவாக இருக்கும், கசிந்தால் ஆவி படியும். சில குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வயதில் இந்த மடைக்கு இன்னொரு சின்ன அறுவை தேவைப்படலாம். ஈறிலும் பிளவு உள்ளவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது வாக்கில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறில் வைப்பார்கள். அதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்குக் குழந்தையைக் கூட்டிப்போவது இப்போது அப்பத்தாதான். காரணம் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: அப்பத்தா. இரண்டு இடத்திலும் வல்லினம், அதுவும் இரட்டிப்பு. இரண்டு வயதில் குழந்தை அவரை ‘அம்மந்நா’ என்று கூப்பிட்டாள். இப்போது மூன்று. ‘அப்ப’ வந்துவிட்டது. ‘த்தா’ இன்னும் மூக்கோரம் கொஞ்சம் கசிகிறது. பேருந்தில் போகும்போதே இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, பேத்தியின் மூக்கடியில் பிடித்துக்கொண்டு, “எங்க, சொல்லு” என்கிறாராம்.